மழை யார் கணக்கில்?

1920ஆம் ஆண்டு பெங்களூரிலிருந்து ஒரு நூல் வெளிவந்தது. எழுதியவர் ஜே.எஸ். சக்கரவர்த்தி, மைசூர் சமஸ்தானத்தின் நிதித்துறையில் உயர்பொறுப்பு வகித்தவர். வேளாண் காப்பீட்டுக்கு இந்திய நிலைமைகளுக்கேற்ற நடைமுறைத் திட்டம் ஒன்றை முன்வைப்பதாக நூலின் தலைப்பே அறிவிக்கிறது. பயிரைக் காப்பீடு செய்வது கடினம், மழையைக் காப்பீடு செய்யலாம் என்பதே அவருடைய யோசனை. ஒரு வட்டாரத்தில் பெய்த மழை அதன் இயல்பு அளவில் குறிப்பிட்ட பங்குக்கும் கீழே போனால், அவ்வட்டாரத்தில் காப்பீடு செய்திருந்த உழவர் அனைவர்க்கும் இழப்பீடு சேரவேண்டும். எவருடைய வயலையும் அதிகாரி நேரில் சென்று மதிப்பிட வேண்டியதில்லை. சோம்பேறி உழவனுக்கும் உழைப்பாளி உழவனுக்கும் ஒரே தொகைதான் என்பதால், விளைச்சலைக் கெடுத்துக்கொண்டு பணம் வாங்கலாம் என்ற ஆசைக்கும் அங்கே இடமில்லை. மழைமானி பொய் சொல்லாது.

இன்று வானிலைக் குறியீட்டுக் காப்பீடு என்று பாடநூல்கள் அழைப்பது ஏறத்தாழ இதைத்தான். 1995இல் எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லி இதழில் பி.கே. மிஸ்ரா ஒரு கட்டுரை எழுதி, மழைக் காப்பீடு புதிய எண்ணமா என்று கேட்டுச் சக்கரவர்த்தியின் திட்டத்தை நினைவூட்டினார். அதன் பின்னரும் இந்நூலைப் பற்றிய பேச்சு காப்பீட்டுத் துறை ஆய்வாளர்களின் வட்டத்தைத் தாண்டவில்லை. ஊரகத் தொழில்முனைவு, காலநிலைத் தகவமைப்பு ஆகிய இரு சொற்களும் ஒரே மூச்சில் உச்சரிக்கப்படும் கருத்தரங்குகளில் மைசூரின் அந்த நிதி அதிகாரியை எவரும் குறிப்பிட்டு நான் கேட்டதில்லை. அந்த மறதிக்கு ஒரு வரலாறு உண்டு என்று தோன்றுவதால் இந்த நீண்ட பதிவு. இந்தியச் சிற்றூரைத் தொழில் நடத்தப் பழக்க 150 ஆண்டுகளாக நடந்த முயற்சிகளில் கடன் இருந்தது, கணக்கு இருந்தது, பின்னர்ச் சந்தையும் வந்து சேர்ந்தது. மழை மட்டும் பேரேட்டுக்கு வெளியே, உழவரின் சொந்தப் பொறுப்பாகவே விடப்பட்டது.

1875 மே 12 அன்று பூனா மாவட்டத்தின் பீம்தடி வட்டத்திலுள்ள சூபா என்ற சந்தை ஊரில் உழவர்கள் திரண்டு லேவாதேவிக்காரர்களின் கடைகளைத் தாக்கினர். தானியம் சூறையாடப்பட்டது, சில இடங்களில் வீடுகளுக்குத் தீ வைக்கப்பட்டது. ஆனாலும் அவர்கள் முதன்மையாகக் கேட்டவை கணக்கு ஏடுகளும் கடன்பத்திரங்களும்தான். அவற்றைப் பறித்து எரித்தனர். கலகம் பூனா, அகமத்நகர் மாவட்டங்களின் ஊர்களுக்குப் பரவிற்று. தக்காணக் கலகங்கள் என்று நாம் படிக்கும் இந்நிகழ்வின் பின்னணி மாணவர்கள் அறிந்ததே: அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்தில் பருத்தி விலை ஏறியது, கடன் தாராளமாகப் புழங்கியது; 1865இல் போர் முடிந்ததும் விலை சரிந்தது, கடன் சுருங்கியது; அதே ஆண்டுகளில் நிலத்தீர்வை உயர்த்தப்பட்டது.

அந்தப் பத்திரங்கள் எப்படிப் பெருத்தன என்பதில் சற்று நின்று பார்க்கலாம். 1859ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி கடன்பத்திரம் மூன்று ஆண்டுகளுக்கே செல்லும். உழவரைக் காக்கக் கொண்டுவரப்பட்ட விதி அது. நடந்ததோ வேறு. மூன்றாம் ஆண்டு முடிவில் கட்டாத வட்டியையும் அசலோடு சேர்த்துப் புதுப் பத்திரம் எழுதப்பட்டது. அடுத்த வட்டி அந்தப் புது அசலின்மேல் ஓடியது. வட்டி அசலை மிஞ்சலாகாது என்ற பழைய மரபுக்கு இவ்வாறு ஒரு புறவழி கிடைத்தது. மானாவாரி நிலத்தில் மூன்று ஆண்டுகளில் ஓர் ஆண்டேனும் மழை தவறுவது அரிதன்று. மழை தவறிய ஆண்டின் வட்டி கட்டப்படாமல் நின்று, புதுப்பிக்கும் நாளில் அசலாக மாறும். எரிக்கப்பட்ட ஏடுகளில் மழை என்ற சொல் எங்கும் எழுதப்பட்டிருக்காது; ஆயினும் அந்த ஏடுகளின் கூட்டல் கணக்கில் அது இருந்தது.

அரசின் கணக்கும் வேறு வகையில் எழுதப்படவில்லை. பம்பாய் மாகாண ரயத்துவாரி முறையில் தீர்வை 30 ஆண்டுகளுக்குப் பணமாக நிர்ணயிக்கப்பட்டது. நல்ல ஆண்டில் மிஞ்சுவதைச் சேர்த்துவைத்துக் கெட்ட ஆண்டில் உழவர் தீர்வை கட்டிவிடுவார் என்பது அதன் அடிப்படைக் கருத்து. ஆகவே ஆண்டுதோறும் தள்ளுபடி கொடுக்கவேண்டியதில்லை என்று அதிகாரிகள் வாதிட்டனர். காகிதத்தில் குறையில்லாத கருத்து. சேமிப்பதற்கு வங்கியும் இல்லாத, மிஞ்சியதைப் பழைய கடனே விழுங்கிவிடும் ஒரு குடும்பம் தன் மழைக்குத் தானே வங்கியாக இருக்கவேண்டும் என்பதே அதன் நடைமுறைப் பொருள்.

அடுத்த ஆண்டே பெரும்பஞ்சம் வந்தது. 1876-78 பஞ்சத்தில் மைசூர் சமஸ்தானம் பட்ட பாட்டை மக்கள்தொகைக் கணக்கே சொல்லும்: 1871இல் 50 இலட்சத்தைத் தாண்டியிருந்த தொகை 1881இல் சுமார் 42 இலட்சம். இந்தப் பஞ்சத்தை ஒட்டித்தான் இந்திய நிதிநிலை அறிக்கையில் காப்பீடு என்ற சொல் முதன்முறையாகப் பெரிய அளவில் நுழைகிறது. 1878இல் லிட்டன் அரசு ஆண்டுக்கு ஒன்றரைக் கோடி ரூபாய் ஒதுக்கிப் பஞ்சக் காப்பீட்டு மானியம் என்று பெயரிட்டது. அதற்கென நிலத்தின்மேலும் வணிகர்மேலும் புதிய வரிகள் போடப்பட்டன. அப்பணம் ஆப்கன் போர் முதலான பிற செலவுகளுக்குத் திரும்பியது என்று தேசியவாதிகள் நெடுங்காலம் குற்றஞ்சாட்டினர்; அந்த வழக்கு தனிக் கட்டுரைக்குரியது. இங்கே கவனிக்கவேண்டியது, காப்பீடு செய்யப்பட்டது எது என்பது. பஞ்ச நிவாரணச் செலவால் அரசின் வரவுசெலவு குலையாதிருக்க எடுத்த ஏற்பாடு அது. அதற்கான வரியைச் செலுத்தியவர்களில் உழவரும் அடக்கம். காப்புப் பெற்றது கருவூலம்.

கலகத்துக்கும் பஞ்சத்துக்கும் பிறகு சட்டங்கள் வரிசையாக வந்தன. 1879இல் தக்காண வேளாளர் நிவாரணச் சட்டம். 1883இலும் 1884இலும் தக்காவிக் கடன்களுக்கான இரு சட்டங்கள். இவற்றின் நோய்க்குறிப்பு ஒன்றுதான்: வட்டிக்காரர். நோய் அவரே எனில் மருந்து குறைந்த வட்டிக்குக் கடன். இந்தத் தருக்கத்தின் முழுமையான வடிவம் சென்னை மாகாணத்திலிருந்து வந்தது. பிரெடரிக் நிக்கல்சனைக் கோவை மாவட்டக் கையேட்டின் ஆசிரியராகத் தமிழ் ஆய்வாளர்கள் அறிவர். வேளாண் வங்கிகளைப் பற்றி ஆராயுமாறு சென்னை அரசு அவரைப் பணித்தது. 1895இலும் 1897இலும் இரு தொகுதிகளாக அவர் அறிக்கை அளித்தார். ஐரோப்பிய முன்மாதிரிகளோடு சென்னையின் நிதிகளையும் அவர் ஆராய்ந்திருந்தார். முடிவாக அவர் விரலை நீட்டிக் காட்டியது ஜெர்மனியின் ரைஃபைசனை.

ரைஃபைசன் ஒரு சிற்றூர்த் தலைவர். 1846-47இன் பஞ்சக் குளிர்காலத்தில் ஊராருக்கு ரொட்டி வழங்கச் சங்கம் அமைத்ததில் தொடங்கி, கடன் சங்கங்களுக்கு வந்துசேர்ந்தவர். அவருடைய சங்கத்தின் உயிர்நிலை வரம்பிலாப் பொறுப்பு. ஒருவர் கட்டாத கடனுக்கு உறுப்பினர் அனைவரும் தத்தம் சொத்து முழுவதையும் பிணையாக வைக்கின்றனர். அதனால் அண்டை வீட்டார் ஒருவரையொருவர் கண்காணிப்பர். குடிகாரனுக்குக் கடன் போகாது. ஊரின் நம்பிக்கையே ஈடாகும். நிலத்தை அடகு வைக்க வழியில்லாத ஏழைக்கு இதைவிட எளிய வங்கி கிடையாது. 1904ஆம் ஆண்டுக் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் இதை அப்படியே எடுத்துக்கொண்டது. உறுப்பினரில் ஐந்தில் நான்கு பங்கினர் வேளாளராக உள்ள சங்கம் ஊரகச் சங்கம். அதன் பொறுப்பு வரம்பற்றது.

எனக்குச் சிக்கல் தெரிவது இங்கேதான். அண்டை வீட்டாரின் பிணை எந்த வகை இழப்பைத் தாங்கும்? ஒரு வீட்டில் மாடு செத்தால் தாங்கும். ஒருவர் நோயில் விழுந்தால் தாங்கும். ஒருவர் ஏமாற்றினாலும் மற்றவர் சேர்ந்து ஈடுகட்டலாம். அனைவருக்கும் ஒரே நாளில் வரும் இழப்பைத் தாங்காது. அகமத்நகர்ச் சிற்றூர் ஒன்றில் பருவமழை பொய்த்தால் கடன் வாங்கியவரும் பிணை நின்றவரும் ஒரே வானத்தின் கீழ்தான் நிற்கின்றனர். பொருளியலில் இதை ஒருங்கே நேரும் இடர் என்பர். மனிதரின் ஒழுக்கக் குறைவுக்கு எதிராக அமைக்கப்பட்ட கருவி அது. வானத்துக்கு எதிராக அதனால் எதுவும் செய்ய இயலாது. ஊரைத் தாண்டிய இணைப்புதான் இதற்கு விடை என்பது ஜெர்மனியிலும் உணரப்பட்டது. 1872இலேயே ரைஃபைசன் சங்கங்களுக்கு மேலாக ஒரு வட்டார வங்கி எழுந்தது. இந்தியாவில் 1912ஆம் ஆண்டுச் சட்டம் மத்தியச் சங்கங்களுக்கு இடம் தந்தது. அவை பெரும்பாலும் மாவட்ட அளவில் அமைந்தன. தக்காணத்தில் வறட்சி மாவட்ட எல்லையில் நின்றுவிடுவதில்லை.

கூட்டுறவுச் சங்கங்களின் தவணை தவறிய கடன்களைப் பற்றிய பிற்கால எழுத்துகளில், கல்வியறிவின்மை, சாதிப் பகை, செயலாளரின் ஊழல், அரசியல் தலையீடு எல்லாம் பேசப்பட்டன. அவை பொய்யல்ல. ஆனால் ஒரு கருவியை அதற்குப் பொருந்தாத இடரின்முன் நிறுத்திவிட்டுக் கருவியைப் பிடித்தவரின் கையைக் குறைசொல்லும் பழக்கம் அன்று தொடங்கியது. இன்றும் ஊரக மேலாண்மைப் பாடத்திட்டங்களில் திறன்வளர்ப்பு என்ற சொல்லில் அந்தத் தொனி ஒட்டிக்கொண்டிருப்பதாகவே நான் கருதுகிறேன். கணக்கெழுதத் தெரியாததால் சிற்றூர் நிறுவனங்கள் வீழ்கின்றன என்ற முற்கோள் அதில் உறைந்திருக்கிறது.

சக்கரவர்த்தியின் நூலை இந்தப் பின்னணியில் வைத்தால்தான் அதன் வியப்பு விளங்கும். 1910களின் மைசூர், பொருளியல் ஆசை மிகுந்த அரசு. 1911இல் மைசூர்ப் பொருளாதார மாநாடு, 1913இல் மைசூர் வங்கி. 1912 முதல் 1918 வரை திவானாக விசுவேசுவரய்யா. தொழில், வங்கி, புள்ளிவிவரம் ஆகியவை அங்கே ஒருசேரப் பேசப்பட்டன. பெரும்பஞ்சம் ஊர்களை வெறுமையாக்கிய நினைவும் அந்நாட்டில் ஒரு தலைமுறைத் தொலைவிலேயே இருந்தது. மழைக்காப்பீட்டை முதலில் இதழ்க் கட்டுரைகளாக எழுதிப் பின்னரே சக்கரவர்த்தி நூலாக்கினார். கடன் மலிவாகக் கிடைத்தாலும் மழை தவறினால் அது கடனாகவே நிற்கும் என்பதைக் கண்டு, கடனுக்கு முன்பாக வேறொன்று வேண்டும் என்று ஒரு நிதி அதிகாரியே சொன்னதுதான் இதில் புதுமை. மேலும், தனியொரு உழவரின் நாணயத்தை அளக்கும் முயற்சியை அவர் கைவிட்டுவிட்டார். அளக்கவேண்டியது மழை, ஆளை அன்று. 1904ஆம் ஆண்டுச் சட்டத்தின் பார்வைக்கு இது நேரெதிர்.

திட்டம் நடைமுறைக்கு வரவில்லை. விடுதலைக்குப் பின்னரும் கதை பெரிதாக மாறவில்லை என்பதால் சில பத்தாண்டுகளை விரைந்து கடக்கிறேன். 1947-48இல் வேளாண் அமைச்சகத்துக்காக ஜி.எஸ். பிரியோல்கர் ஆராய்ந்து, தனியாள்வாரியாக அல்லாமல் வட்டாரவாரியாகக் காப்பீடு செய்வதே இந்தியாவுக்கு ஏற்றது என்றார், மாநிலங்கள் ஏற்கவில்லை. 1970இல் அமைந்த தரம் நாராயண் குழு, பயிர்க் காப்பீடு நாட்டுக்கு உகந்ததன்று என்று கதவைச் சாத்தியது. 1976இல் வி.எம். தண்டேகர் வட்டார அணுகுமுறையை மீண்டும் எடுத்து வாதிட்டார். 1979இல் அதன்படி ஒரு முன்னோடித் திட்டம் தொடங்கியது.

இதற்கிடையில் கடன் அமைப்பு மிகப் பெரிதாக வளர்ந்தது. கோர்வாலா தலைமையிலான அனைத்திந்திய ஊரகக் கடன் ஆய்வு 1954இல் வெளியிட்ட விவரப்படி, உழவர் வாங்கிய கடனில் கூட்டுறவுகளின் பங்கு சுமார் 3 விழுக்காடு. லேவாதேவிக்காரர்களின் பங்கு 70 விழுக்காட்டை ஒட்டியது. அரை நூற்றாண்டு முயற்சியின் விளைவு அது. அவ்வாய்வின் பரிந்துரைகளில் ஒன்று எனக்குச் சுவையானது: 1956இல் ரிசர்வ் வங்கியில் தேசிய வேளாண் கடன் நிலைப்படுத்தல் நிதி நிறுவப்பட்டது. வறட்சியில் உழவர் குறுகியகாலக் கடனைக் கட்ட இயலாதபோது அதை நடுத்தரக்காலக் கடனாக மாற்றிக்கொள்ள அந்நிதி சங்கங்களுக்குக் கைகொடுக்கும். அமைப்பு நொறுங்காமலிருக்க அது தேவையான ஏற்பாடுதான். ஆனால் உழவரின் பக்கம் நின்று பார்த்தால், தவறிய மழை நீண்ட தவணையாக மாறித் தொடர்கிறது. சூபாவின் புதுப்பித்த பத்திரம் இங்கே நியாயமான வட்டியோடும் நல்லெண்ணத்தோடும் திரும்பி வந்தது.

1985இல் நாடளாவிய விரிவான பயிர்க் காப்பீட்டுத் திட்டம் வந்தது. அது வங்கியில் பயிர்க்கடன் வாங்கியவர்க்கே உரியது. காப்பீட்டுத் தொகை கடன் அளவைப் பொறுத்தது. இழப்பீடு வங்கி வழியாகவே சென்றது. கடன் வாங்காதவர்களை 1999ஆம் ஆண்டுத் திட்டம் உள்ளே சேர்த்துக்கொண்டது. 2016இல் தொடங்கிய இன்றைய திட்டத்தில் கடன் வாங்கியோர்க்கான கட்டாயம் 2020இல்தான் நீங்கியது. ஏறத்தாழ 35 ஆண்டுகள் இந்தியாவில் காப்பீடு கடனின் வால்போலவே நடந்தது. இதை ஒரேயடியாகப் பழிக்கமாட்டேன்: கடன் கணக்கு தீர்ந்தால்தான் அடுத்த பருவத்துக்குக் கடன் கிடைக்கும், அது உழவருக்கும் நன்மையே. ஆயினும் அந்தக் காப்பீட்டின் முதற்பயனாளி யார் என்று கேட்டால், 1878ஆம் ஆண்டு மானியத்தைப் பற்றிக் கேட்டபோது கிடைத்த விடையின் சாயல் இதிலும் தெரிகிறது.

சக்கரவர்த்தியின் எண்ணம் உண்மையில் களத்துக்கு வந்தது 2003இல், இன்றைய தெலங்கானாவின் மகபூப்நகரில். செம்மண்ணும் குறைமழையும் இடப்பெயர்வும் நிறைந்த மாவட்டம் அது. விஜய் மகாஜன் முதலியோர் 1996இல் தொடங்கிய பேசிக்ஸ் நிறுவனம் அங்கே சிறுகடன் வழங்கிவந்தது. அதனோடு ஐசிஐசிஐ லொம்பார்டு சேர்ந்து, உலக வங்கியின் தொழில்நுட்ப உதவியோடு, நிலக்கடலையும் ஆமணக்கும் பயிரிட்ட 230 உழவர்களுக்கு மழைக் காப்பீட்டை விற்றது. சில ஆண்டுகளில் ஒப்பந்தங்கள் நுணுக்கமாயின: பருவம் மூன்று கட்டங்களாகப் பிரிக்கப்பட்டது, ஜூன் முதல் நாளிலிருந்து தேறிய மழை குறிப்பிட்ட மில்லிமீட்டரைத் தொட்டால்தான் முதற்கட்டம் தொடங்கும், ஏனெனில் மண் நனைந்த பிறகே உழவர் விதைப்பார். ஒப்பந்தத்தை வடிவமைத்தவர்கள் உழவுநாளை மதித்திருக்கின்றனர் என்பதை இந்தச் சிறு விதி காட்டுகிறது.

இவ்வட்டாரங்களில் ஜினே, டவுன்சென்ட், விக்கரி ஆகியோரும், பின்னர்க் கோல் முதலியோரும் நடத்திய ஆய்வுகளைப் பொருளியல் மாணவர்கள் அவசியம் படிக்கவேண்டும். ஏட்டறிவின்படி, இடருக்கு மிகவும் அஞ்சுவோரே காப்பீட்டை முதலில் வாங்கவேண்டும். இங்கே இடருக்கு அஞ்சியோர் குறைவாகவே வாங்கினர். அவர்களுக்குக் காப்பீடே ஓர் இடராகத் தெரிந்திருக்கிறது: பணத்தை இன்று கொடுத்துவிட்டு, மழை பொய்த்தால் எங்கிருந்தோ ஒரு நிறுவனம் திருப்பித்தரும் என்று எதை வைத்து நம்புவது? பேசிக்ஸை முன்பே அறிந்தோர் வாங்கினர். ஊராருக்கு அறிமுகமான முகவர் உடன் வந்து சொன்னபோது வாங்குவோர் கூடினர். விதைப்புக் காலத்தில் கையில் பணமில்லாதோர் விரும்பியும் வாங்கவில்லை. சக்கரவர்த்தியின் மழைமானி பொய் சொல்லாதுதான். அதை வாசித்துச் சொல்பவரை நம்பவேண்டுமே. ஆளை அளக்கவேண்டியதில்லை என்று அவர் நீக்கிய நம்பிக்கைச் சிக்கல், இம்முறை நிறுவனத்தின் பக்கம் போய் நின்றுகொண்டது.

இன்னொரு குறை கருவியிலேயே இருந்தது. மழைமானி நிற்கும் ஊரில் தூறியது, பத்துக் கல் தள்ளியுள்ள வயலில் தூறவில்லை எனில், பயிர் காய்ந்தும் இழப்பீடு இல்லை. தக்காணத்து மழையைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. மாட்டின் ஒரு கொம்பு நனைய மறுகொம்பு காயும் மழை அது.

இத்தனைக்கும் பிறகு, கோல், ஜினே, விக்கரி 2017இல் வெளியிட்ட ஒரு முடிவு என் வாதத்துக்கு மிக முக்கியமானது. காப்பீடு பெற்ற உழவர்கள், மழைக்கு அதிகம் ஆட்படுவதும் அதிக வருவாய் தருவதுமான பணப்பயிர்களை நோக்கி நகர்ந்தனர். அவர்களுக்கு எவரும் தொழில்முனைவுப் பயிற்சி தரவில்லை. துணிவு குறித்த சொற்பொழிவும் நடக்கவில்லை. இழப்பின் ஒரு பகுதியை வேறொருவர் ஏற்றவுடன் அவர்கள் முதலீட்டாளரைப்போல முடிவெடுத்தனர். பழமைவாதம் என்று அறிக்கைகள் தலைமுறைகளாகக் குறித்துவந்தது, காப்பற்றவரின் கணக்கு நேர்த்தியாகவே இருந்திருக்கக்கூடும்.

காப்பீட்டுப் பத்திரம் இல்லாமலே மழையைக் கணக்கில் எடுத்த முயற்சி ஒன்றையும் சொல்லவேண்டும். 1980களின் நடுவில் குஜராத்தில் வறட்சி அடுத்தடுத்து வந்தது. அன்றைய பனஸ்கந்தா மாவட்டத்தின் ராதன்பூர், சாந்தல்பூர் வட்டங்கள் கட்ச் ரண்ணின் ஓரத்தில் உள்ளவை. உப்பு ஊறிய நிலம், குடிநீருக்கே தட்டுப்பாடு. நெதர்லாந்து உதவியுடன் குழாய்நீர்த் திட்டம் ஒன்று அங்கே நடந்துகொண்டிருந்தது. அதை ஒட்டி 1988இல் சேவா அமைப்பு அவ்வட்டங்களுக்குள் நுழைந்தது. எலா பட் 1972இல் அகமதாபாத்தில் நகரத்து உழைக்கும் பெண்களுக்காகத் தொடங்கிய சங்கம் அது. ஊர்ப்பெண்களிடம் அவர்கள் கண்டது தலைமுறைகளாக வந்த பூவேலைத் திறன். வறட்சி வந்தால் தம் சீதனத்துக்கென்று தைத்து வைத்திருந்த துணிகளை வியாபாரிகளிடம் அற்ப விலைக்கு விற்றுவிட்டு இடம்பெயர்வது அவர்களின் வழக்கமாயிருந்தது. திறன் இருந்தது, சரக்கும் இருந்தது. வறட்சியில் ஊர் முழுவதும் ஒரே நேரத்தில் விற்க நின்றதால் விலைதான் இல்லை.

குழு, கூலிநிர்ணயம், தரப்பிரிப்பு, நகரச் சந்தை என்று படிப்படியாக அந்தப் பூவேலை ஒரு தொழிலானது. 2000களின் தொடக்கத்தில் கைவினைப் பெண்களே பங்குதாரராக உள்ள வணிக நிறுவனமாக அது வளர்ந்தது; ஹன்சிபா என்ற பெயரில் அதன் ஆடைகள் விற்கின்றன. இதைத் தொழில்திறன் வளர்ப்பின் வெற்றிக்கதையாகச் சொல்வதே வழக்கம். நான் இதை இடரின் பக்கமிருந்து படிக்கிறேன். டெல்லியில் ஒரு மேலாடைக்குக் கிடைக்கும் விலைக்கும் சாந்தல்பூரின் மழைக்கும் தொடர்பில்லை. ஒரே வானத்தின் கீழ் நின்ற வீடுகளுக்கு வேறொரு வானத்தின் கீழிருந்து வருவாய் வந்தது. 1904ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒரு ஊருக்குள் தர முடியாதது அதுவே. அதே சேவா 2023இல் குறியீட்டுக் காப்பீட்டுக்குத் திரும்பியிருப்பதும் தற்செயலன்று: வெப்பம் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால், வேலைக்குச் செல்ல இயலாத பெண்களுக்குப் பணம் சேரும் திட்டம். முதலாண்டில் 21,000 பேர். 2024இல் 50,000 பேர். மழைமானியின் இடத்தில் இப்போது வெப்பமானி.

இன்றைய கொள்கையின் நடுநாயகம் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம். அலக் குழுவின் பரிந்துரையையொட்டி நிறுவனச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தம் 2003இல் நடைமுறைக்கு வந்தது. 2020இல் ஒன்றிய அரசு 6,865 கோடி ரூபாயில் 10,000 நிறுவனங்களை உருவாக்கும் திட்டத்தை அறிவித்தது. மேலாண்மைச் செலவுக்கு மூன்று ஆண்டுகளில் 18 இலட்சம் ரூபாய் வரை, உறுப்பினர் போடும் பங்குத்தொகைக்கு இணையாக ஒரு நிறுவனத்துக்கு 15 இலட்சம் வரை, கடனுக்கு உத்தரவாதம். தலைமைச் செயல் அலுவலருக்கும் இயக்குநர்களுக்கும் பயிற்சி உண்டு. கூட்டுறவுகளின் பழைய நோய்கள் சிலவற்றுக்கு, குறிப்பாக அதிகாரிகளின் பிடிக்கு, இது நல்ல மாற்று என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஆனால் இதன் உறுப்பினர்கள் யார்? அடுத்தடுத்த ஊர்களின் உழவர்கள். அவர்கள் விளைவிப்பது என்ன? மாவட்டத்துக்கு ஒரு பொருள் என்ற கொள்கைப்படி, இயன்றவரை ஒரே பொருள். சந்தையில் பேரம்பேச அது வலிமை. அளவு பெருகினால் விலை ஏறும், லாரி நிறையும். மழை தவறினால் உறுப்பினர் அனைவரின் வயலும் ஒன்றாகக் காயும், நிறுவனத்தின் கொள்முதல் ஒரே பருவத்தில் வற்றும், அவர்களே போட்ட பங்கு மூலதனமும் அதோடு ஆட்டம்காணும். ரைஃபைசன் சங்கம் ஊரளவில் செய்ததை நாம் வட்டார அளவில், ஒரே பயிரைக் கொண்டு, மீண்டும் செய்கிறோம். கடன் உத்தரவாத நிதி அப்போது கைகொடுக்கும். கடன் கொடுத்த வங்கிக்கு.

காலநிலை மாற்றம் இந்தப் பழைய வழக்கில் புதிதாகச் சேர்ப்பது என்ன? சக்கரவர்த்தியின் திட்டம் முழுவதும் இயல்பு மழை என்ற ஒரு சொல்லின்மேல் நின்றது. கடந்த பல்லாண்டுகளின் சராசரி வரும் ஆண்டுகளுக்கும் பொருந்தும் என்று கொண்டால்தான் பிரீமியம் கணக்கிட முடியும். 2022 ஏப்ரலில் இந்திய வானிலை ஆய்வுத் துறை தென்மேற்குப் பருவத்தின் நாடளாவிய இயல்பு அளவை 880.6 மில்லிமீட்டரிலிருந்து 868.6 ஆகத் திருத்தியது. 1961-2010 என்ற அடிப்படைக் காலம் 1971-2020 ஆக மாறியதன் விளைவு. 12 மில்லிமீட்டர் பெரிதன்று. இத்தகைய திருத்தம் வழக்கமானதும்கூட. சராசரிக்குள் மறைந்திருக்கும் மாற்றம்தான் பெரிது. மத்திய இந்தியாவில் 1951 முதல் 2000 வரை கனமழை நாள்கள் பெருகியதையும் மிதமழை நாள்கள் குறைந்ததையும் கோஸ்வாமியும் உடனாய்வாளர்களும் 2006இல் காட்டினர். பருவத்தின் மொத்த மழை ஏறத்தாழ அப்படியே இருந்தது. பருவத்தின் மொத்தத்தை மட்டும் அளக்கும் காப்பீடு இத்தகைய ஆண்டை நல்ல ஆண்டு என்றே பதிவுசெய்யும். நான்கு நாளில் கொட்டித் தீர்த்து, பூக்கும் வேளையில் ஆறு வாரம் வறண்டுபோன நிலக்கடலைக்காரருக்கு அந்தப் பதிவில் இடமில்லை.

உற்பத்தியாளர் நிறுவனங்களைக் களமாகக் கொண்டு ஆய்வுசெய்யும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். அவற்றின் தொழில்திட்ட அறிக்கைகளைப் பார்க்க வாய்த்தால், ஐந்தாண்டு விற்பனை மதிப்பீட்டு அட்டவணையை முதலில் திறந்து பாருங்கள். ஆண்டுதோறும் ஏறிக்கொண்டே போகும் அந்த எண்களில் எந்த ஆண்டிலாவது மழை தவறியிருக்கிறதா என்று எனக்கும் எழுதுங்கள்.